இரட்டை அச்சு

இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஆசிக் சிதம்பரம் கிளம்பியாக வேண்டும். அதற்குள் இந்த ஐந்து ரூபாய் நாணயம் இரட்டை அச்சுதான் என்று யாராவது சொல்லிவிட வேண்டும்.

கொழுந்தியாள் ஷாசியா லென்ஸைக் கண்ணருகே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நாணயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயற்பியல் படித்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் தப்பாக இருக்காது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"ரெட்டையா தெரியுதா?"

"இருங்க மச்சான்."

சாப்பிட்ட தட்டுகளை எடுக்க வந்த மனைவி நஜியா சிரித்தாள். "தப்பா அச்சான காசு லட்சத்துக்குப் போகுதுன்னு யூடியூப்ல எதையோ பாத்துட்டு மூணு நாளா இதே பைத்தியம். சோறுகூட எறங்கல. லட்சம் வந்தா எனக்கு ஒரு பீரோ போதும்பா, ஜாஸ்தி ஆசையெல்லாம் இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இது இரட்டை என்றால் பிழைத்தான். இல்லையென்றால் அடுத்த மாதம் இந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே சந்தேகம்.

ஷாசியா லென்ஸை இறக்கினாள். "சாதாரண காசுதான் மச்சான்."

"நல்லா பாரும்மா. அஞ்சுக்குப் பக்கத்துலயே இன்னொரு அஞ்சு, லேசா."

"எனக்குத் தெரியலயே." அவள் தயங்கினாள். "அச்சு செய்யும்போதே உருவம் ரெண்டு தடவ பதிஞ்சிருந்தா, அந்த ரெண்டாவது அஞ்சும் காசுலயே இருக்கும். காச சுத்துனா அதுவும் கூடவே சுத்தணும். நீங்களே பாருங்க."

லென்ஸை வாங்கிக் குனிந்தான். ஐந்துக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு ஐந்து. நாணயத்தைத் தலைகீழாகத் திருப்பினான். தலைகீழ் ஐந்துக்கும் வலப்பக்கம்தான். படுக்கவைத்தாற்போல் குறுக்கே திருப்பினான். அப்போதும் வலப்பக்கம்.

நாணயம் நழுவி மேசையில் உருண்டது.

"கூடவே சுத்துதா மச்சான்?"

"ம்... சுத்துது."

ஷாசியாவின் முகம் மலர்ந்தது. "அப்ப என்கிட்டயே குடுங்க. நாளைக்கு சர்டிபிகேட் வாங்க சிதம்பரம் யுனிவர்சிட்டிக்குத்தான் போறேன். லேப்ல மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்துடலாம்."

"நானும் பாப்பாவ தூக்கிட்டு கூட வர்றேன்," என்றாள் நஜியா. "ஆறு மணி டிரிப்பு உங்க பஸ்தானே? உங்க முதுகுக்குப் பின்னாடி சீட்டு. கண்டக்டர் அண்ணன்கிட்ட சொல்லி வைங்க, துண்டு போட்டு வைக்கட்டும்."

தொட்டிலில் மகள் புரண்டு படுத்தாள். ஆசிக் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்தான். மடித்து நஜியாவின் கையில் கொடுத்தான்.

"தொவச்சதுதாங்க இது. எதுக்கு என்கிட்ட குடுக்குறீங்க?"

"நாளைக்கு யாரும் வர வேணாம். நானும் போகல."

"ஏங்க?"

"ரோடும் எனக்கு ரெண்டாத்தான் தெரியுது."