குழாய் மாப்பிள்ளை

"டிரைவர் தம்பி, எங்கயாவது ஓரமா நிறுத்த முடியுமா? எனக்கு அவசரமா வருது."

பின் சீட்டிலிருந்து குரல் வந்ததும் அக்கா தன் புருஷனின் தொடையைக் கிள்ளினாள். "ஆரம்பிச்சுட்டாருங்க நம்ம குழாய் மாப்பிள்ளை."

தங்கச்சி புருஷனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அக்காதான். சித்தி மகள் கல்யாணத்துக்குக் குடும்பமே ஒரு வேனில் கிளம்பியிருந்தது. பாதி வழிகூடத் தாண்டவில்லை. அதற்குள் டீக்கடை, லாரி ஷெட் என்று வழியிலிருந்த ஒரு கழிப்பறையையும் மனிதர் விட்டுவைக்கவில்லை.

ஆள் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் வந்து நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படித் தோள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி "வருது" என்று நெளிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

வேன் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கியது. அவர் தோள்பையோடு இறங்கினார். "நானும் கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று தங்கச்சியும் பின்னாலேயே இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

"துணைக்குப் போறா பாருங்க. ஸ்கூல் பிள்ளையைக் கூட்டிட்டுப் போற மாதிரி" என்றாள் அக்கா. வேன் முழுக்கச் சிரித்தது.

"சகலைக்குச் சர்க்கரை இருக்குமோ?" என்றார் அக்கா புருஷன்.

"சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. விஷயமே வேற." அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் கடைசி சீட்டு வரைக்கும் தெளிவாகக் கேட்கும். "போன மாசம் மருந்துக் கடையில பார்த்தேன். ஏதோ க்ரீம் வாங்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போச்சு. 'எனக்குத்தான் அண்ணி, கொஞ்சம் அந்தரங்கப் பிரச்சனை, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னார். நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

வேனில் இருந்த எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரியும். அவளேதான் சொல்லியிருந்தாள்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் மேல ஏத்தி விடறவரு. சொந்த லிஃப்ட் மட்டும் கிரவுண்ட் ஃப்ளோர்லயே நிக்குது, பாவம்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவரின் முதுகு குலுங்கியது.

"எனக்கு என் தங்கச்சியை நினைச்சாத்தான் வயித்தெரிச்சல். கர்ப்பப்பை வாயில புற்றுநோய்னு வந்து, அவ்வளவு பெரிய சீக்கையே ஒரு கை பார்த்துட்டு வந்தா. அவளுக்கு வாய்ச்சது இப்படியா இருக்கணும்?"

அந்தச் சீக்கின்போது தங்கச்சி பக்கத்திலேயே தான் இருந்ததாக அக்கா எல்லோரிடமும் சொல்வாள். அதாவது, ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை ஆப்பிளோடு போனாள். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சில்ல?" என்று கேட்டாள். தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் "ஆயிடும், ஆயிடும்" என்று பதிலையும் தானே சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"இருங்க, இன்னைக்கு அவகிட்ட கேட்டே விடறேன். இவரை நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லணும்" என்று இறங்கினாள்.

பங்க்கின் பின்பக்கம் இரண்டு கதவுகள். ஆண்கள் பக்கம் கதவு அகலத் திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை. தங்கச்சி புருஷன் பெண்கள் பக்கக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல்காரர் மாதிரி நின்றிருந்தார். தோளில் பை இல்லை.

"என்ன தம்பி, போகலையா?"

"போயிட்டேன் அண்ணி. நீங்க வேன்ல உட்காருங்களேன், அவ இதோ வந்துடுவா."

"நானும் போகணும். நகருங்க."

உள்ளே குழாயடியில் தங்கச்சி நின்றிருந்தாள். வேறு சுடிதாருக்கு மாறியிருந்தாள். பழையதை அலசிப் பிழிந்து பிளாஸ்டிக் கவரில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்துக்கா" என்றாள்.

"என்னடி இது?"

"இறங்கறதுக்குள்ள வந்துடுச்சு. ரேடியேஷன் கொடுத்ததுல சீக்கு போச்சு. ஆனா மூத்திரப்பை சுருங்கிப்போச்சு. வந்தா அடக்க முடியறதில்லை. டாக்டரம்மா சொன்ன பயிற்சியெல்லாம் பண்றேன், முன்னைக்கு எவ்வளவோ தேவலை."

"அப்ப அவசரம் அவருக்கு இல்லையா?"

"அவருக்கா? லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டா பொழுதுக்கும் அடக்கிட்டு நிக்கிற மனுஷன்."

அக்காவுக்கு இன்னொன்றும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த க்ரீம்?"

"அதுவும் எனக்குத்தான்." தங்கச்சி கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "உள்ளெல்லாம் வறண்டு இறுகிப்போச்சுக்கா. அவர் பக்கத்துல வந்தாலே வலிக்குமேன்னு பயம். வெளிய சொல்லவும் கூச்சம். அவர்தான் டாக்டரம்மா முன்னாடி உட்கார்ந்து, என் பொண்டாட்டிக்கு வலிக்குது, என்ன செய்யலாம்னு கேட்டார். மெதுவாப் பார்த்துக்கலாம், எங்கயும் ஓடிப்போகப் போறதில்லைன்னு என்கிட்டயும் சொல்லிட்டார். இப்ப பரவாயில்லை." லேசாகச் சிரித்தாள்.

அக்கா கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, நிஜமாகவே குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அது புதுப் பழக்கம்.

மனசு தாங்காமல் சொன்னாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. கூடப் பிறந்தவ நான். சிரிச்சிடவா போறேன்?"

தங்கச்சி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்லிடலாம்னுதான் நானும் சொன்னேன். அவர்தான் வேண்டாம்னுட்டார். 'உங்கக்காவுக்கு வழி முழுக்கச் சிரிக்க யாராவது ஒருத்தர் வேணும், அது நானாவே இருந்துட்டுப் போறேன்'னார்."