கதவுக்கு வெளியே மகன்

சுவிஸ் நாட்டின் பாசல் நகரத் தனியார் மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் குளிர்கால வெயில் மங்கலாகப் படுத்துக் கிடக்கிறது. கீழே டிராம் ஒன்று கிரீச்சிட்டுத் திரும்புகிறது. கடைசி அறையில், நாட்டை எப்போதோ இழந்துவிட்ட கிழ ராஜா ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார். ராணியும் பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள். வெளியே, லண்டனிலிருந்து வந்த அறுபது வயதுக்காரர் தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். தாதி தனுஷியா அவர் முகத்தையே பார்க்கிறாள். உள்ளே கிடப்பவரின் அதே மூக்கு, அதே தாடை.

"நீங்கள் சொந்தக்காரரோ?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

அவர் மூடிய கதவைப் பார்க்கிறார். "குடும்ப நண்பர்," என்கிறார் கடைசியில்.

மருந்து வண்டியோடு வந்த தயாநிதி அக்கா தமிழில் முணுமுணுக்கிறார். "அவர் ராசான்ர மகன்தானடி. தாய் லண்டனில ஒரு பிரபுவின்ர மனிசி. பிரபு தன்ர பிள்ளையெண்டே வளர்த்தவராம், பேப்பரிலயும் வந்தது. குடும்பத்தைத் தவிர ஒருத்தரையும் விடவேண்டாமெண்டு ராணி சொல்லிப்போட்டா. நாங்கள் என்ன செய்யிறது?"

தனுஷியா தண்ணீர்க் குவளையோடு உள்ளே போகிறாள். கதவை வேண்டுமென்றே ஒரு சாண் திறந்து விடுகிறாள். அந்த இடைவெளியில், போர்வைக்கு வெளியே நீண்ட வெளிறிய பாதம் ஒன்று தெரிகிறது. வெளியே நிற்பவர் குனிந்து, "மன்னரே," என்று மெல்லக் கூப்பிடுகிறார். தகப்பனை அழைக்க, பிறந்த நாள் தொட்டு அவருக்கு அனுமதிக்கப்பட்ட சொல் அது ஒன்றுதான். பாதம் அசைகிறது. ராணி எழுந்து வந்து, தனுஷியாவுக்குச் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறாள்.