எங்கே பறிச்சது?

"நேத்து மாதிரி இன்னிக்கும் கோட்டை விட்டீங்கன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன். மூணு நாளைக்கு ஆமை உங்க பொறுப்பு. விளையாட்டுக் காரியம் இல்ல" என்றாள் அவள், கறாராக.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் மேசையில் ஓர் இலையை வைத்தாள்.

"இது?"

"அரளி. விஷம். ஆமைகிட்டயே கொண்டு போகக் கூடாது."

"இது?"

"துத்தி. தாராளமா கொடுக்கலாம்..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நேற்று ஒரு கேள்வி கேட்க மறந்துதான் தோற்றிருந்தார். "இரு, இரு. இதை எங்கே பறிச்சது?"

"பார்க் வேலியோரம்."

"அங்க பூச்சிமருந்து அடிக்கறாங்களே! துத்தியே ஆனாலும் வேணாம்."

அவள் முகம் மலர்ந்தது. "பாஸ்ப்பா!" என்று ஒரு தாளில் எழுதி, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். தரைக்கு எட்டாத கால்களோடு நாற்காலியிலிருந்து குதித்து, அம்மாவோடு சித்தி வீட்டுக்குக் கிளம்ப ஓடினாள்.

மறுநாள் கல்லூரியில், தாவரவியல் துறைத் தலைவரின் அறைச் சுவரில், டாக்டர் பட்டத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாள் தொங்கியது.

"என்ன சார் இது?" என்றார் உதவிப் பேராசிரியர்.

"எம்பொண்ணு வெச்ச பரீட்சை. பட்டத்தை முதல் தடவையே வாங்கிட்டேன். இதுக்கு ரெண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் அவர்.