துப்பாக்கிக்குத் தெரியாதது

முதல் தீப்பொறியிலேயே எண் தப்பாக வந்தது.

கார்பன் 0.15 சதவீதம். இருக்க வேண்டியது 0.40.

பொறி விட்டு உலோகத்தில் என்னென்ன இருக்கிறது என்று அளக்கும் இயந்திரம்தான் ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன். உடைந்த போல்ட்டை மறுபடி தேய்த்துத் தட்டையாக்கி, கவிழ்த்து வைத்து, பொத்தானை அழுத்தினேன். டப்பென்று பொறி பறந்தது. 0.15. மூன்றாம் முறை 0.16.

போல்ட் காலையில்தான் வந்தது. கட்டடம் எழும்பும் இடத்தில் நிற்கும் கிரேனின் சுழலும் தலையைக் கோபுரத்தோடு பிடித்து வைத்திருக்கிற நாற்பத்தெட்டில் ஒன்று. அந்தக் கிரேனை ஓட்டுகிறவன் என் தம்பி.

ஒன்பது மணிக்கே போன் செய்துவிட்டான்.

"கீழயே உக்காந்து போரடிக்குதுக்கா. நீ சரின்னு சொன்னா ஏறிடுவேன்."

போல்ட்டைக் கொண்டுவந்த இன்ஜினியர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், புதிதாக ஒன்று மாட்டியாகிவிட்டது, உலோகம் சரிதானா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம். அவசரக்காரர்களுக்கு முதலில் துப்பாக்கி. நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்பார்களே, அந்தச் சாயலில் இருக்கும் எக்ஸ்ரே கருவிக்கு நாங்கள் வைத்த பெயர். உலோகத்தின் மேல் வைத்து விசையை இழுத்தால் பத்தே நொடி. குரோமியம் இவ்வளவு, மாலிப்டினம் இவ்வளவு என்று காட்டிவிடும். அதை வாயால் சொல்லி அனுப்பிவிடுவோம். தீப்பொறிச் சோதனை பிறகு. கையெழுத்து அதற்கும் பிறகு.

துப்பாக்கிக்குக் கார்பன் தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பதினொரு வருடமாக நான்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

இந்தப் போல்ட்டுக்கும் முதலில் துப்பாக்கிதான். குரோமியம் சரி. மாலிப்டினம் சரி. சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். இன்ஜினியர் வாசலைத் தாண்டுவதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். நானும் தம்பிக்கு ஒரு வார்த்தை அனுப்பினேன்: ஏறுடா.

கார்பன் குறைந்த எஃகை எவ்வளவு காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் உறுதி ஏறாது. பாரம் தாங்குவது போல நடிக்கும். பிறகு ஒரு நேரம் பார்த்துக் கைவிடும். மற்ற நாற்பத்தேழும், புதிதாக மாட்டியதும் அதே பெட்டியிலிருந்து எடுத்தவையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பொறி பறந்ததுமே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒரு கருவி சொன்னதை இன்னொன்று ஒத்துக்கொள்ளாமல் நம்பாதே என்று பழகிய புத்தி. துருவலை எடுத்து, எரித்து வாயுவை அளக்கும் உலையில் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தேன்.

0.15.

இன்ஜினியரை அழைத்தேன்.

"ஆளை இறக்குங்க சார். எல்லா போல்ட்டும் தப்பு."

அவர் இன்னும் வண்டியில்தான் இருந்தார். பாரம் தூக்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிறது என்றார். அங்கே யாரையாவது பிடிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

தம்பிக்கு அடித்தேன். மணி போனது. மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுக்க மாட்டான். போன வருடம் வேறொரு இடத்தில் ஒரு கிரேன்காரன் போனில் பேசிக்கொண்டே பாரத்தை ஆள் மேல் இறக்கிவிட்டான். அதைக் கேட்ட அன்றே தம்பியிடம் சத்தியம் வாங்கினேன். மேலே இருக்கும்போது யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், போனை எடுக்கக் கூடாது.

என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.