உள்ளங்கையில் மிதி

"முப்பது மிதிச்சாச்சுடி, போதும்."

"இருபதுதான்க்கா. இடதுல பத்து, வலதுல பத்து."

"பொத்தான் எண்ணித் தைக்கிறவ நான். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அதான் என் சட்டையில எப்பவும் ஒண்ணு குறையுது."

ஏழாம் மாதத்திலேயே தங்கையைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். கால்களில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க, போர்வைக்குள் அக்கா ஏந்தும் உள்ளங்கைகளில் அவள் பாதங்களை அழுத்த வேண்டும். முன்பு இரண்டு முறை வெறுங்கையோடு வீடு திரும்பியவள். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

"சரி, மறுபடி செய். சத்தமா எண்ணுறேன்" என்று அக்கா கைகளைப் போர்வைக்குள் விட்டாள்.

இடதில் பத்து. வலதில் பத்து. அதன் பிறகும் ஒரு குதிகால் அழுத்தியது. அளவெடுத்துப் பழகிய கைக்குத் தெரியாமல் போகுமா, அது கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. வெதுவெதுப்பாக, அவசரமில்லாமல் மிதித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அக்கா கையை எடுக்கவில்லை. எண்ணுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

தங்கை வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் காலை மடக்கி எவ்வளவு நேரமாச்சு, கையை எடுக்கா. போய் நர்ஸைக் கூட்டிட்டு வா. காலையிலேர்ந்து உள்ள ஒரு அசைவும் இல்ல."