பந்தி வஞ்சனை

காலை ஒன்பது மணி இருபது நிமிடம், லேசான தூறல். குளத்து வாத்துகள் அனைத்தும் இருமிக்கொண்டிருந்தன. கடல் கடந்து வந்த ஆராய்ச்சியாளர் ஆமை, கரையில் இரண்டு பானைகளை இறக்கி வைத்தது.

"ஒன்றில் புது மருந்து. மற்றதில் அதே நிறத்தில் வெறும் தண்ணீர். பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. இருமல் மருந்தால் நிற்கிறதா, தானாகவே நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பதிலுக்காக அக்கரையில் குஞ்சுகள் இருமிக்கொண்டு காத்திருக்கின்றன."

பரிமாறும் பொறுப்பைச் செங்காலி என்ற வாத்து ஏற்றது. பயணக் களைப்பில் கண்ணயர்ந்த ஆமை விழித்தபோது, எல்லா வாத்துகளும் குடித்து முடித்திருந்தன.

"யாருக்கு எதைக் கொடுத்தாய்?"

"ஒரே பந்தியில உட்கார வச்சு, ஒருத்திக்கு மருந்து, அடுத்தவளுக்குத் தண்ணியா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் டாக்டரே! ரெண்டையும் ஒண்ணாக் கலக்கி எல்லாருக்கும் ஊத்திட்டேன்."

ஆமையின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது.

"அழாதீங்க. உங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன்."

மறுநாள் காலை வாத்துகள் ஓர் இருமல்கூட இன்றி நீந்தின. மருந்து பலித்துவிட்டதென்று செங்காலி கரையெங்கும் கூவியது. ஆமையோ, "இங்கே யாருக்காவது இருமல் மிச்சம் இருக்கிறதா?" என்று குளம் குளமாகக் கெஞ்சிக்கொண்டு போனது.