குளக்கரைக்கு வந்த மூவர்

குளக்கரை ஈரமண்ணில் சுகமாகக் கிடந்த மண்புழுவை யாரோ முன்னும் பின்னுமாக நெருக்கித் தள்ளினார்கள். பதறியடித்துக்கொண்டு வளையைவிட்டு வெளியே வந்து, கோரையில் வலை கட்டியிருந்த சிலந்தியிடம் முறையிட்டது.

"நெருக்கினாங்களா? என் நூலைப் பக்கவாட்டில இல்ல பிடிச்சு ஆட்டினாங்க!" என்றது சிலந்தி.

"என்னைத் தூக்கி, ஒரு சுத்து சுத்தி, இருந்த இடத்திலேயே இறக்கி விட்டாங்க" என்றது தண்ணீர்மேல் நின்ற பூச்சி.

மண்புழு எண்ணிப் பார்த்தது. நெருக்கியவன் ஒருவன், ஆட்டியவன் ஒருவன், சுற்றியவன் ஒருவன்!

"மூணு பேரு வந்திருக்காங்க அக்கா! நான் ஊரைக் காலி பண்றேன்!" என்று மேட்டைப் பார்த்து நெளிந்து ஓடியது.

பாதி மேடு ஏறியபோது, குளத்தில் மிதந்த பனம்பழம் கூச்சத்தோடு கூப்பிட்டது. "கோவிச்சுக்காதீங்க. கரையில தொப்புனு விழுந்து தண்ணிக்குள்ள உருண்டது நான் ஒருத்தன்தான். அந்த ஒரு அதிர்வுதான் மண்ணுல நெருக்கலாவும், நூல்ல ஆட்டமாவும், தண்ணியில சுத்தலாவும் வந்திருக்கு."

"அட, இவ்வளவுதானா!" மண்புழுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிலந்தி வலையிலேயே இருந்தது. பூச்சி தண்ணீரிலேயே நின்றது. மண்புழு மட்டும் வெயிலில் அத்தனை தூரமும் நெளிந்து தன் வளைக்குத் திரும்பியது, சிரித்துக்கொண்டேதான்.